மல்லாட்டையை எலி தின்ற வருஷம்

என் அண்ணன் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். ஆமாம் அல்லது இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம் போலத் தோன்றும் கேள்வி. விலங்கியல் பட்டப்படிப்பின் கடைசிப் பரீட்சையை அப்போதுதான் எழுதி முடித்திருந்த எனக்கு அதற்குப் பதில் தெரியும் என்று அவன் நம்பினான். நானும் அப்படித்தான் நம்பினேன். அதுதான் வம்பாகப் போயிற்று.

நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து நைனார்பாளையத்துக்குப் போகிற ஒரு ரோட்டை ஒட்டித்தான் எங்கள் கொல்லை, அதாவது புன்செய் நிலம். கிணற்றுத் தண்ணீரை நம்பி மார்கழியில் மல்லாட்டை விதைத்திருந்தார்கள். மாசி முழுக்கச் செடி பச்சைப் பசேலென்று நின்றது. பங்குனியில் காய் முற்றிவிட்டதா என்று பார்க்க ஒரு செடியைப் பிடுங்கிய அம்மா, அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். வேரில் காயே இல்லை. அடுத்த செடியிலும் இல்லை. மேலே செடிக்கு ஒன்றும் தெரியவில்லை. கீழே எலி வழித்தெடுத்துக்கொண்டு போயிருந்தது. வரப்போரமெல்லாம் வளை, வளை வாசலெல்லாம் உடைத்துப் போட்ட தோல். பரீட்சை முடிந்து கல்லூரி விடுதியைக் காலி செய்துகொண்டு நான் ஊர் வந்தபோது அந்தக் கொல்லையில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

பெட்டியைக் கீழே வைப்பதற்குள் அண்ணன் கேட்டான்.

"பாப்பா, நீ இந்த ஜீவராசிங்க சமாச்சாரமெல்லாம் படிச்சிக்கினுதானே இருந்த? நாங்க அந்தப் புளிய மரத்த வெட்டனோமே, அதனாலதான் எலி வந்துதா? ஆமாவா, இல்லியா?"

ஏதோ பொழுதுபோகாமல் கேட்ட கேள்வி அல்ல அது. மரம் போனதால்தான் எலி வந்தது என்றால், மரம் திரும்ப வரப்போவதில்லை, வருஷா வருஷம் இதே கதிதான். அப்படியானால் கொல்லையை, விளைச்சலில் ஒரு பங்கு என்று மாமாவிடம் வாரத்துக்கு விட்டுவிட்டு, பெங்களூரில் கட்டட வேலைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியோடு போய்விடுவது என்று அவன் முடிவு செய்திருந்தான். வேறு காரணம் என்றால் ஆடியில் மறுபடி விதைப்பான். மேஸ்திரி ஆனிக் கடைசியில் வருவதாகச் சொல்லியிருந்தார். அண்ணன் ஊரில் இருப்பானா, போவானா என்பது என் வாயில் வந்து நின்றது.

மரத்தின் கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின புரட்டாசியில் இட ஒதுக்கீட்டுக்காக எங்கள் பக்கம் ரோடு மறியல் நடந்தது. எங்கள் சாதிப் பிள்ளைகளுக்குப் படிப்பிலும் வேலையிலும் தனிப் பங்கு வேண்டும் என்பது கோரிக்கை. மறியல் என்றால் சும்மா ரோட்டில் உட்காருவதில்லை. ரோட்டோரம் நிற்கும் புளிய மரத்தைக் குறுக்கே சாய்த்துவிடுவார்கள், வண்டி நகராது. ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் எல்லையில் இருக்கிற ரோடு என்று பேச்சு. எங்கள் ஊர் ஆண்கள் கோடாலியோடு கூடியபோது எந்த மரம் என்று கேள்வி வந்திருக்கிறது. வளைவுக்குப் பக்கத்தில் இருந்த மரத்தைச் சாய்த்திருந்தால் வேலை சுலபம். என் அண்ணன்தான் முன்னால் போய், எங்கள் கொல்லைக்கு எதிரே நின்ற பெரிய மரத்தைக் காட்டினான்.

காரணம் அம்மா. அந்த மரத்துப் பொந்தில் ஆந்தை இருந்தது. பெரிய ஜாதி, முகம் தட்டு மாதிரி இருக்கும். எங்கள் ஊரில் கோட்டான் என்பார்கள். எங்கள் அப்பா இறந்த அன்றைக்குச் சாயங்காலம் அது கத்தியதாம். நான் அப்போது சின்னப் பெண், எனக்கு நினைவில்லை. அதிலிருந்து அது எப்போது கத்தினாலும் அம்மா ஒரு கை உப்பை அள்ளி அடுப்பில் போடுவாள். உப்பு படபடவென்று வெடிக்கும். வெடித்தால் கோட்டான் வாய் அடைந்துவிடும், கெட்ட சேதி வராது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. எத்தனையோ வருஷமாக எங்கள் வீட்டு அடுப்பு உப்புத் தின்றுகொண்டிருந்தது. போராட்டத்துக்குப் போராட்டமும் ஆச்சு, அம்மாவுக்கு நிம்மதியும் ஆச்சு என்று அண்ணன் நினைத்துவிட்டான்.

மரம் விழுந்தது. அண்ணனைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சில நாள் உள்ளே வைத்தார்கள். திரும்பி வந்தபோது அம்மா வாசலில் ஆரத்தி எடுத்தாள். ஜெயிலுக்குப் போய் வந்ததற்காக என்று ஊர் நினைத்தது. மரத்தை வெட்டியதற்காக என்று எனக்கும் அவனுக்கும் தெரியும். அந்த நாட்களில் அக்கம் பக்கத்தில் காலனிக் குடிசைகளும் எரிந்தன என்று கேள்விப்பட்டோம். அதை யாரும் எங்கள் வீட்டில் பேசவில்லை. அது எனக்கு ஒரு மாதிரியாகவே இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

சரி, எலிக்கு வருகிறேன். மரத்தையும் எலியையும் முதலில் முடிச்சுப் போட்டவர் கள்ளக்குறிச்சியில் மல்லாட்டை மண்டி வைத்திருந்த ஒரு பாய். இந்த வருஷம் மூட்டை வராது என்று சொல்லப் போன அண்ணனிடம் அவர் விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார்: "கோட்டான் எலியத் தின்னுதுப்பா. நீங்க கோட்டான் வூட்ட இடிச்சீங்க, எலி உங்க வூட்டுக்கு வந்துட்சி." அவர் சிரித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

அது ஊருக்குள் பரவியது. டீக்கடையில் எல்லாருக்கும் எல்லாமே நிச்சயமாகத் தெரிந்திருந்தது. மரம்தான் என்றார் ஒருவர். மரமாவது மண்ணாவது, உரம் ஜாஸ்தி என்றார் இன்னொருவர். மாமா மட்டும் பெங்களூர்தான் நல்லது என்றார்; அவருக்கு எங்கள் கொல்லை மேல் ஒரு கண். மரத்தை வெட்டக் கூடவே கோடாலி பிடித்தவர்களும் இப்போது, "உங்க அண்ணன்தான் அந்த மரத்தக் காட்டுச்சி" என்று என்னிடமே சொன்னார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

நான் அண்ணனை உட்கார வைத்து, களத்து மண்ணில் குச்சியால் கோடு போட்டேன். எங்கள் பாடப் புத்தகத்தில் அலை போல இரண்டு கோடு இருக்கும். ஒன்று முயல், ஒன்று அதைத் தின்னும் காட்டுப்பூனை. முயல் பெருகினால் கொஞ்ச காலம் கழித்துப் பூனை பெருகும். பூனை பெருகினால் முயல் குறையும். முயல் குறைந்தால் பூனை பட்டினி கிடந்து குறையும். அப்புறம் மறுபடி முயல். பரீட்சையில் இந்தப் படத்துக்கு எனக்கு முழு மார்க்.

அண்ணன் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "இது எந்த ஊரு முயலு?"

"பனி பெய்யற ஊருண்ணா. வெளிநாடு."

"நம்மூரு எலியக் கேட்டா வெளிநாட்டு முயலச் சொல்ற. சரி, அந்தப் பூனையக் கொன்னுட்டா முயலு எத்தினி மாசத்துல ஜாஸ்தியாவும்?"

எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் யாரும் பூனையைக் கொல்லவில்லை. அது மட்டுமில்லை. எலி பெருகினால் சாப்பாடு போதாமல் தானே குறையும், ஒரு நிலம் இவ்வளவைத்தான் தாங்கும், அதற்குத் தாங்குதிறன் என்று பெயர் என்றும் படித்திருந்தேன். அதையும் சொன்னேன்.

"அப்ப எங்க மல்லாட்ட மொத்தமும் தின்னு தீத்தப்புறம்தான் அது குறையும்ன்ற" என்றான் அண்ணன்.

அடுப்படியிலிருந்து அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, "அப்ப அந்தக் கோட்டான் எலி திங்கறதுக்கா அங்க இருந்துது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அம்மா உள்ளே போனாள்.

அன்றைக்கே பொழுது சாய்கிற நேரத்தில் எங்கேயோ தூரத்துப் பனையிலிருந்து வேறொரு கோட்டான் கத்தியது. அம்மா பழக்கத்தில் உப்பை அள்ளிவிட்டாள். அள்ளியவள் அடுப்பில் போடவில்லை. போடட்டுமா வேண்டாமா என்று கேட்பது போல என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல? போடு என்றால் நான் படித்தது பொய். வேண்டாம் என்றால், அப்பா எதனால் போனார் என்று அடுத்த கேள்வி வரும். அப்பாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் இருந்ததும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமானதும் எங்கள் வீட்டில் வெளியே எடுக்காத பேச்சு. கோட்டான் இருந்தவரைக்கும் அதைப் பேச வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அம்மா கையிலிருந்த உப்பைக் குழம்புச் சட்டியில் போட்டுவிட்டாள். அன்றைக்குக் குழம்பை வாயில் வைக்க முடியவில்லை. மூன்று பேரும் அதையே சாப்பிட்டோம்.

விசாரிக்காமல் விடுவதில்லை என்று எனக்கு ஒரு வீம்பு வந்தது. மரம் வெட்டிய ஊரில் எலி ஜாஸ்தி, வெட்டாத ஊரில் கம்மி என்று தெரிந்துவிட்டால் போதும், கேள்வி முடிந்தது. நல்ல யோசனைதானே? சித்திரை வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். எலவனாசூர்கோட்டையில் பெரியம்மா வீடு. அந்தப் பக்கம் மறியலில் மரங்களை வரிசையாக வெட்டிச் சாய்த்திருந்தார்கள். எலி எப்படி என்று கேட்டேன். "எலியா? இந்த வருசம் கண்ணுலயே காணோமே" என்றாள் பெரியம்மா. ரிஷிவந்தியத்தில் கூடப் படித்தவள் வீடு. அவர்கள் ஊர் ரோட்டில் ஒரு மரத்துக்கும் சேதமில்லை. அவளுடைய அப்பா என் கேள்வியைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். நெல்லை எலி வெட்டியே தீர்த்துவிட்டதாம்.

தலைகீழாக இருந்தது. மரத்தை வெட்டினால் எலி குறையும் என்று அண்ணனிடம் போய்ச் சொல்லவா முடியும்?

வேறு வழியாக யோசித்தேன். ஒவ்வொரு வருஷமும் அறுவடை சமயத்தில் மலையடிவாரத்திலிருந்து ஓர் இருளர் குடும்பம் வந்து எங்கள் வரப்பில் வளை வெட்டி எலி பிடிப்பார்கள். எலியும் அவர்களுக்கு, வளைக்குள் எலி சேர்த்து வைத்திருப்பதும் அவர்களுக்கு. அந்த வருஷம் அவர்கள் வரவில்லை. எலியைத் தின்னக் கோட்டானும் இல்லை, பிடிக்க ஆளும் இல்லை. மறியலுக்கு அப்புறம் போலீஸும் கேஸுமாக இருந்ததால் பயந்து வரவில்லை என்றார்கள் சிலர். அதெல்லாம் இல்லை, அவர்கள் செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார்கள் வேறு சிலர். நேரில் கேட்டுவிடலாம் என்று கச்சிராயபாளையம் வரைக்கும் பஸ்ஸில் போனேன். அடிவாரத்தில் அவர்கள் குடிசை பூட்டிக் கிடந்தது.

அங்கேயே ஒரு புளிய மரத்தடியில், கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் கொண்டுவந்து விற்றுவிட்டு ஜீப்புக்குக் காத்திருந்த ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். உங்கள் மலையில் எலி எப்படி என்று கேட்டேன். மலையில் ஒரு பக்கம் மூங்கில் பூத்துவிட்டது, மூங்கில் அரிசியைத் தின்று எலி கொழுத்துவிட்டது, சாமையை விட்டுவைக்கவில்லை என்றார். பக்கத்தில் இருந்த அவர் வீட்டுக்காரர், "மூங்கிலு எங்க பூத்துது? அது போன வருசத்துக்கு முந்தி" என்றார். இரண்டு பேருக்கும் அங்கேயே சண்டை வந்துவிட்டது. மலையில் பெருகிய எலி அத்தனை தூரம் இறங்கி எங்கள் கொல்லைக்கு நடந்து வருமா என்று நான் கேட்டதை இரண்டு பேருமே காதில் வாங்கவில்லை. ஜீப் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.

மழையையும் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நாலைந்து வருஷம் வானம் ஏமாற்றிவிட்டது. அந்த ஐப்பசியில் மட்டும் கல்வராயன் மலை மேல் மப்பு போட்டுக்கொண்டு நாள் கணக்கில் பெய்தது. ஏரி நிரம்பியது, வரப்பெல்லாம் புல். வறட்சிக்குப் பின் மழை வந்தால் புல் விதை பெருகும், புல் விதை பெருகினால் எலி பெருகும் என்று புத்தகத்தில் இருந்தது. இதை அண்ணனிடம் சொன்னபோது எழுந்தே நின்றுவிட்டான். "மழ நல்லா பெஞ்சதும் தப்பா?" என்றான். ஒரு வருஷத்து மழை வெறும் வானிலைதான், பல வருஷம் பார்த்தால்தான் காலநிலை, எலியையும் அப்படிப் பல வருஷம் பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும் என்றேன். "மேஸ்திரி ஆனியில வரான்" என்றான் அண்ணன்.

மார்க் ஷீட் வாங்கக் கல்லூரிக்குப் போனபோது எங்கள் பேராசிரியரிடமும் கேட்டேன். ரொம்ப ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். மரம், கோட்டான், மழை, மூங்கில், எலி பிடிக்கிறவர்கள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். "ஆராய்ச்சிக்கு அருமையான விஷயம்மா" என்றார். ஆடிப்பட்டத்துக்கு விதைக்கலாமா, வேண்டாமா என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வி புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு அழுகையும் எரிச்சலுமாக வந்தது. இத்தனை படித்ததற்கு, ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே என்று இருந்தது.

ஆனிக் கடைசியில் மேஸ்திரி வந்தார். காலையில் முதல் பஸ் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் பையில் இரண்டு லுங்கியும் சட்டையும் எடுத்து வைத்துவிட்டான். அம்மா அவனுக்கு வழியில் சாப்பிடப் புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தாள். அவன் கூடத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"கடைசியாக் கேக்கறன் பாப்பா. எங்கெங்கயோ அலைஞ்சியே, இன்னாதான் தெரிஞ்சிது? நாங்க வெட்டனதாலதானா?"

"தெரியலண்ணா" என்றேன்.

"ஊர்ல எல்லாருக்கும் தெரியுது. படிச்சவ உனக்குத் தெரியல."

எனக்குச் சுருக்கென்றது. "எனக்கு நெஜமாவே தெரியல. அதனாலயும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சிக்கிக்கினு கீது, எத இழுத்தா எது வருதுன்னே புரியல."



"அப்ப, நான்தான்னு அடிச்சி சொல்ல முடியாது."

"முடியாது."

"நான் இல்லன்னும் சொல்ல முடியாது."

"முடியாதுண்ணா."

அண்ணன் அழ ஆரம்பித்துவிட்டான். அப்பா இறந்தபோதே அவன் அழவில்லை, ஆம்பளைப் பிள்ளை என்று கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகப் பார்த்து நடந்தான் என்று அம்மா சொல்லிச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். இப்போது தோள் குலுங்க அழுதான். நான் சொன்னதில் எது அவனை அப்படி அழ வைத்தது என்று எனக்குப் புரியவில்லை.

அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்துக் கேட்டான்: "வெதைக்கு எடுத்து வச்ச பழைய மல்லாட்ட எங்க கீது?"

அம்மா பரணைக் காட்டினாள். அவன் மூட்டையை இறக்கினான். விதைக்கு மல்லாட்டையைக் கையால்தான் உடைக்க வேண்டும், பருப்பின் மேல் தோல் உரிந்தால் முளைக்காது. மூன்று பேரும் முறத்தைச் சுற்றி உட்கார்ந்து உடைத்தோம். காலையில் மேஸ்திரி ரோட்டில் நின்று கூப்பிட்டபோது, "எங்க தங்கச்சி சொல்லிட்சிங்க, நான் வரல" என்று அண்ணன் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது.

ஆடியில் விதைத்தான். அந்த வருஷம் எலி வந்தது, ஆனால் கம்மி. ஏன் கம்மி என்று என்னால் சொல்ல முடியாது. சில வருஷம் கழித்து எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. போராட்டத்துக்குப் பிறகு வந்த ஒதுக்கீட்டால்தான் கிடைத்தது என்று ஊரில் சொன்னார்கள். மார்க்கால் கிடைத்தது என்று நான் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் எனக்குச் சரியாகத் தெரியாது.

அண்ணன் கடைசி வரைக்கும் அந்தக் கொல்லையை விட்டுப் போகவில்லை. விதைப்பதா வேண்டாமா என்று யாராவது தலையைப் பிடித்துக்கொண்டு அவனிடம் வந்தால், "அன்னிக்கு எங்க தங்கச்சி எனக்குச் சரியாச் சொல்லிட்சி" என்பான். நான் பக்கத்தில் இருந்தால் என்னைப் பெருமையாகப் பார்ப்பான். நான் என்ன சொன்னதாக அவன் எடுத்துக்கொண்டான் என்று அவனிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவே இல்லை.